முடிவு தெரிந்த சண்டைக்கு எதற்கு இத்தனை வாக்குவாதம்? ரெஸ்லிங் கதை புரியாதவர்களுக்கு

மன்னார்குடியிலோ திருவாரூரிலோ ஒரு டீக்கடை வாசலில் நாலு பையன்கள் ரெஸ்லிங் பற்றிப் பேச ஆரம்பித்தால், பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மாமா யாராவது கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "அதெல்லாம் செட்டப்புதானப்பா, யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சிர்றான்ல, அப்புறம் எதுக்கு நீங்க இங்க அடிச்சிக்கிறீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார். நியாயமான கேள்வி. பையன்கள் பதில் சொல்வதில்லை, சிரித்துவிட்டு மறுபடி "ரோமன் அன்னிக்கே பெல்ட்டைக் குடுத்திருக்கணும்டா" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார்கள். இந்தக் கட்டுரை அந்த மாமாவுக்காக. அப்படியே புதிதாகப் பார்க்கத் தொடங்கி, பழைய ரசிகர்கள் எதைப் பற்றித்தான் இப்படிக் கத்துகிறார்கள் என்று விழிப்பவர்களுக்காகவும்.

நேரடியாகவே சொல்லிவிடலாம்: ஆமாம், செட்டப்புதான். யார் ஜெயிப்பது, எப்படி முடிவது, நடுவில் யார் ஓடிவந்து நாற்காலியால் அடிப்பது எல்லாம் முன்பே முடிவாகிவிடும். ஒரு காலத்தில் இதை உயிரைப்போல் காத்தார்கள், ஹீரோவும் வில்லனும் ஒரே காரில் போகக்கூடாது என்கிற அளவுக்கு. 1989-ல் அன்றைய டபிள்யூடபிள்யூஎஃப், அதாவது இன்றைய டபிள்யூடபிள்யூஇ, நியூஜெர்சி மாநில செனட்டிடம் தானே போய் இது போட்டி விளையாட்டு இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டது. உண்மையின் மேல் திடீரென்று பாசம் வந்துவிடவில்லை. விளையாட்டு என்றால் மாநில ஆணையத்தின் மேற்பார்வை வரும், உரிமம் வரும், வரி வரும். பொழுதுபோக்கு என்றால் அந்தத் தொல்லை குறையும். நம் பக்கம் இந்தச் செய்தி வந்துசேர ரொம்ப நாளானது. ரேங்க், ஹைட், வெயிட், பைசெப்ஸ் என்று அச்சடித்த டிரம்ப் கார்டை வைத்துக்கொண்டு அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்த தலைமுறை இங்கே இருந்தது.

ஆனால் எழுதப்படுவது முடிவும் முக்கியமான திருப்பங்களும் மட்டும்தான். நடுவில் வருகிற பெரும்பகுதியை ரிங்குக்குள் இருக்கும் இரண்டு பேர்தான் நடத்துகிறார்கள். கொஞ்சம் முன்பே பேசிவைத்ததாக இருக்கும், கொஞ்சம் பூட்டுப் போட்டுப் பிடித்திருக்கும்போது காதோடு காதாகச் சொல்லிக்கொள்வதாக இருக்கும். நடுவருக்குக் காதில் ஒரு கருவி, இன்னும் இத்தனை நிமிஷம் என்று உள்ளே இருந்து சொல்வார்கள், அவர் போய் சொல்லிவிட்டு வருவார். விழுவது நிஜமான விழுகைதான். இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், அதன்மேல் கேன்வாஸ், அவ்வளவுதான் அந்த மேடை. 1997-ல் சம்மர்ஸ்லாம் என்ற பெரிய நிகழ்ச்சியில் தலைகீழாகக் குத்திய ஒரு அடி தப்பிப்போய் ஸ்டீவ் ஆஸ்டினுடைய கழுத்து போனது, அந்தக் காயம் கடைசிவரை அவரை விடவில்லை. ஆகவே 'பொய்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது, முடிவு எழுதப்பட்டது, வலி எழுதப்படவில்லை.

சரி, முடிவு எழுதப்பட்டதென்றால் விவாதம் எதைப் பற்றி? இங்கேதான் நம் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கலில் கந்த சஷ்டிக்குக் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். சூரன் தப்பித்துவிடுவானோ என்று ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் முருகன் அம்மனிடம் வேல் வாங்கும் அந்த இரவில், சிங்காரவேலர் திருமேனியில் வியர்வை துளிர்க்கிறது என்று நெரிசலில் எக்கி எக்கிப் பார்க்கிறார்கள். சிக்கலில் வேல் வாங்கி செந்தூரில் சம்ஹாரம் என்று சொல்வதே, வேல் வாங்குவதும் ஒரு தனிக் கட்டம், அதற்கென்று தனியாக ஒரு இடமும் நேரமும் வேண்டும் என்பதால்தான். யானைமுகன், சிங்கமுகன் எல்லாம் முடிந்த பிறகுதான் சூரபத்மன். எடுத்த எடுப்பில் சூரனை முடித்துவிட்டால் கூட்டம் என்ன சொல்லும்? ரெஸ்லிங் ரசிகர்களின் சண்டை முழுக்க இந்த வரிசையைப் பற்றித்தான். யார் ஜெயிப்பார் என்பதைவிட, இப்போதே ஜெயிக்க வேண்டுமா, வேல் எங்கே வாங்கினார், நடுவில் யாரைத் தாண்டி வந்தார், ஜெயித்தபின் அந்த பெல்ட்டை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சில அடிப்படைகள்

ஒவ்வொரு நேரத்திலும் ஒருவர் நல்லவர் பக்கம், ஒருவர் வில்லன் பக்கம். ஆங்கிலத்தில் ஃபேஸ், ஹீல் என்பார்கள். நல்லவர் ஒருநாள் நண்பனை முதுகில் குத்தி வில்லனாவது டர்ன். யாரை மேலே ஏற்றுவது, யாரை யாரோடு மோதவிடுவது, எப்போது பெல்ட்டை மாற்றுவது என்று திட்டமிடும் வேலைக்கு புக்கிங் என்று பெயர். "புக்கிங் சரியில்ல மாப்ள" என்று ஒருவர் சொன்னால், ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, எழுதினவன்தான் சொதப்பினான் என்று அர்த்தம்.

பெல்ட் என்றால் சாம்பியன் பட்டம். அதைப் பற்றி ஒரு விதி தெரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். சாம்பியனைத் தோளை அழுத்தி மூன்று எண்ண வேண்டும், அல்லது பூட்டில் சிக்கவைத்துத் தட்டவைக்க வேண்டும், அப்போதுதான் பெல்ட் கைமாறும். சாம்பியன் விதியை மீறி வெளியேற்றப்பட்டாலோ, ரிங்குக்கு வெளியே போய் எண்ணி முடிப்பதற்குள் திரும்பாவிட்டாலோ, ஆட்டத்தில் தோற்பார், பெல்ட் அவரிடமே இருக்கும். வில்லன் சாம்பியன் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பெல்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடையைக் கட்டுவது இதனால்தான். கூட்டம் கொதிப்பதும் இதனால்தான். 1977-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டஸ்டி ரோட்ஸ் என்பவர் அன்றைய சாம்பியன் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை இப்படித்தான், கவுண்ட்-அவுட்டில், ஜெயித்தார். ஜெயித்தார், பெல்ட் கிடைக்கவில்லை. இந்த டஸ்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படுவார்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள். ஜனவரி வாக்கில் ராயல் ரம்பிள், 30 பேர் ஒருவர்பின் ஒருவராக உள்ளே வருவார்கள், மேல் கயிற்றுக்கு மேலாகத் தூக்கி வெளியே போடப்பட்டவர் அவுட், கடைசியில் நிற்பவருக்கு ரெஸில்மேனியாவில் பெல்ட்டுக்கான ஆட்டம். ரெஸில்மேனியா என்பது 1985-ல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் பெரிய திருவிழா, பெரும்பாலும் ஏப்ரல் வாக்கில் வரும். இந்த வரிசை யூகத்துக்கு வழி செய்து கொடுக்கிறது. யூகத்தைக் கலைப்பதற்காக 2005-ல் கொண்டுவந்தது மணி இன் தி பேங்க். ஏணியில் ஏறி ஒரு பெட்டியை எடுத்தவர் ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும், சாம்பியன் அடிபட்டுக் கிடக்கும்போதுகூட, வந்து ஆட்டம் கேட்கலாம். 2015 ரெஸில்மேனியாவில் பிராக் லெஸ்னரும் ரோமன் ரெயின்ஸும் ஒருவரை ஒருவர் நொறுக்கிக்கொண்டிருந்தபோது சேத் ராலின்ஸ் பெட்டியோடு ஓடிவந்து பெல்ட்டைத் தட்டிக்கொண்டு போனார். அவ்விருவரில் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றார்கள்.

யூகம் எப்படி வருகிறது

நாலைந்து வருஷம் பார்த்தவர்களுக்கு முடிவை மோப்பம் பிடிக்கத் தெரிந்துவிடும். சாம்பியன் சினிமாவில் நடிக்கப் போகிறாரா, ஒப்பந்தம் முடிகிறதா, அடுத்த மாத நிகழ்ச்சியின் போஸ்டரில் யார் முகம் பெரிதாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். பெரிய நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் யார் பெல்ட்டைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ அவர் அந்த வாரக் கடைசியில் தோற்பார் என்று ஒரு நம்பிக்கை உண்டு, எப்போதும் பலிக்காது, ஆனால் அடிக்கடி பலிக்கும். ஓய்வு பெறப்போகும் பெரியவர் கடைசி ஆட்டத்தில் இளையவரிடம் தோற்றுவிட்டுப் போவது பழைய மரபு. பிப்ரவரியில் நடக்கும் நிகழ்ச்சியில் பெல்ட் மாற வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் ரம்பிளில் ஜெயித்தவரோடு ஏப்ரல் ஆட்டம் அதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பார்ப்பதில் என்ன சுவை என்றால், 2023 பிப்ரவரி 18, மான்ட்ரியல். அதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாமி ஜெய்ன் அந்த ஊர்ப் பையன். சிரியாவிலிருந்து குடியேறிய குடும்பம், கியூபெக்கில் பிறந்து வளர்ந்தவர். மாதக்கணக்கில் ரோமன் ரெயின்ஸின் கும்பலில் கோமாளி மாதிரி ஒட்டிக்கொண்டு, அவமானப்பட்டு, மெல்ல மெல்லக் குடும்பத்தில் ஒருவராகிவிட்ட பிறகு, ஜனவரி ரம்பிள் இரவில் தன் நண்பனை அடிக்கச் சொன்னபோது திரும்பி ரோமனையே நாற்காலியால் அடித்தார். அடுத்த மாதம் தன் சொந்த ஊரில் ரோமனோடு பெல்ட்டுக்கு ஆட்டம். ஜெயிக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். ரம்பிளை ஜெயித்தவர் கோடி ரோட்ஸ், ஏப்ரலில் ரோமன் எதிர் கோடி என்று ஏற்கனவே அறிவித்தாகிவிட்டது. இது அந்த அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நமக்கும் தெரியும்.

ஆனால் சாமி தன் உதையை ரோமன் முகத்தில் இறக்கிவிட்டுத் தோளை அழுத்தினபோது, நடுவர் கை ஒன்று, இரண்டு என்று விழுந்து மூன்றாவதற்கு இறங்குகிற அந்த அரை நொடியில், அரங்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. கை பாயைத் தொடுவதற்கு ஒரு அங்குலம் முன்னால் ரோமன் தோளைத் தூக்கினார். இந்த வித்தையைத்தான் நியர்-ஃபால் என்பார்கள், முடிவு தெரிந்தவனையும் அரை நொடி ஏமாற்றுவது. அப்புறம் நடுவர் விழுந்தார், ரோமன் கும்பலின் ஜிம்மி உசோ வந்தார், அவர் சகோதரர் ஜே உசோ வந்து யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்தார், சாமி ரோமனை நோக்கிப் பாய்ந்தது தவறி ஜே மேல் விழுந்தது, நாற்காலி வந்தது, ரோமன் ஜெயித்தார். எதிர்பார்த்த முடிவுதான், ஆனால் அந்த அரை நொடிக்கு நம்பாதவர் யாருமில்லை. யூகிக்க முடிந்தால் ஆட்டம் வீண் என்பவர்களுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்டச் சொல்வேன்.

இதில் எதிர்க்கட்சியும் உண்டு. அன்றைக்கு சாமிக்கே கொடுத்திருக்கலாம், அந்த ஊரில் அந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய தருணம் வராது, ஏப்ரலில் கோடி வந்து சாமியிடம் மோதட்டுமே என்பது அவர்கள் வாதம். சுத்தமாகத் தள்ளிவிட முடியாத வாதம். ஆனால் கோடியின் கதை என்னவென்று பார்த்தால் ஏன் செய்யவில்லை என்று புரியும்.

கோடி ரோட்ஸ் அந்த டஸ்டியின் மகன். அப்பா வேறு நிறுவனத்தில் உலக சாம்பியனாக இருந்திருக்கிறார், ஆனால் டபிள்யூடபிள்யூஎஃப் பெல்ட் கடைசிவரை கிடைக்கவில்லை, 2015-ல் இறந்துவிட்டார். மகன் 2016-ல் நிறுவனத்தை விட்டு வெளியேறி, 2019-ல் ஏஇடபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 2022-ல் திரும்பி வந்தார். வந்ததும் சொன்னது 1977-ல் அப்பா ஜெயித்தும் கிடைக்காத அந்த பெல்ட்டைப் பற்றித்தான். இரண்டே மாதத்தில் மார்புத் தசை கிழிந்துபோனது, அது எழுதப்பட்டதில்லை, நிஜம். மார்பின் பாதி கருநீலமாகக் கன்றிப்போன உடம்போடு அந்த ஜூன் மாதம் சேத் ராலின்ஸோடு கூண்டுக்குள் ஆடினார். அதன்பின் ஓய்வு. ஜனவரி 2023-ல் ரம்பிளில் 30-வது ஆளாக வந்து ஜெயித்தார். இதைவிட நேர்க்கோட்டில் ஒரு கதை போக முடியாது, ஏப்ரலில் கோடிதான் என்று எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தோற்றுப்போனார். நமக்கு ஏப்ரல் 3 திங்கட்கிழமை காலை. ரோமன் கும்பலின் சோலோ சிகோவா இடையில் புகுந்து ஒரு அடி அடித்தார், ரோமன் பாய்ந்தார், முடிந்தது. பல்லு விளக்குவதற்கு முன் டிவியைப் போட்டவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். டெல்டாவில் எந்த சலூனுக்குப் போனாலும் அந்த வாரம் இதே பேச்சு, ஏறக்குறைய இப்படி:

"இதுக்கு மேல எப்படிடா ஒருத்தன் கதை எழுத முடியும்? அப்பன், காயம், ரம்பிளு எல்லாம் வந்து நிக்குது. குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"எல்லாரும் எதிர்பார்த்ததையே குடுத்தா அப்புறம் என்ன மாப்ள இருக்கு?"

"எதிர்பார்த்ததைக் குடுக்கறதுக்குத்தாண்டா கதையே. பாதிப் பேரு காசு குடுத்து டிக்கெட் வாங்கினதே அதுக்குத்தான்."

"அண்ணே, தலையை ஆட்டாதீங்க, காது வெட்டிக்கும்" என்று முடிவெட்டுகிறவர் வேறு.

ஒரு வருஷம் கழித்து, 2024 ஏப்ரல் 7 பிலடெல்ஃபியாவில், நமக்கு எட்டாம் தேதி காலை, கோடி ஜெயித்தார். ரோமனிடம் 1316 நாள் இருந்த பெல்ட் கைமாறியது. உடனே பழைய இரண்டாவது கட்சி, "பாத்தியா, ஒரு வருஷம் காத்திருந்ததாலதான் இந்த ருசி" என்று மார்தட்டியது. இந்த வாதத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்லபடியாக முடிந்தது என்பதற்காக முதலில் செய்ததும் திட்டம் என்று சொல்வது பின்னாலிருந்து கணக்குப் போடுவது. ஏன் என்றால் 2024 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள்: மறுபடி ரம்பிளை ஜெயித்த கோடி, மேடைக்கு வந்து தன் இடத்தை, சினிமாவுக்குப் போய்ப் பெரிய நடிகரான ராக்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கைகொடுத்துப் போனார். ராக் எதிர் ரோமன் என்பது போஸ்டருக்குப் பெரிய ஆட்டம்தான். ஆனால் ரசிகர்கள் விடவில்லை, "எங்களுக்குக் கோடிதான் வேண்டும்" என்று அரங்குக்கு அரங்கு கத்தினார்கள், இணையத்தில் ராக்கையே திட்டித் தீர்த்தார்கள். ஒரே வாரத்தில் லாஸ் வேகாஸ் பத்திரிகையாளர் சந்திப்பில் கோடி திரும்ப நடுவே வந்து நின்றார், ராக் அவரை அறைந்தார், ராக் வில்லனானார். கூட்டத்தின் கோபத்தையே கதையாக்கிவிட்டார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு வருஷத் தாமதத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மாதிரி கூட்டம் முடிவை மாற்றியது அது முதல்முறை இல்லை. 2012 ரெஸில்மேனியாவில் டேனியல் பிரையன் ஷேமஸிடம் 18 நொடியில் தோற்றார். குள்ளம், தாடி, சாம்பியன் தோற்றமே இல்லை என்று ஓரங்கட்டப்பட்ட ஆள். ஆனால் இரண்டு விரலையும் தூக்கி "எஸ், எஸ்" என்று அவர் கத்துவதைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. 2014 ராயல் ரம்பிளில் 30-வது ஆளாக அவர்தான் வருவார் என்று அரங்கமே காத்திருக்க, வந்தவர் ரே மிஸ்டீரியோ. பாவம், அவரை யாருக்கும் பிடிக்காமல் போனதில்லை, ஆனாலும் அன்றைக்குக் கூச்சலிட்டு விரட்டாத குறை. ஜெயித்த பட்டிஸ்டாவுக்கும் அதே வரவேற்பு. அந்த ஏப்ரலில் என்ன நடந்தது என்றால், பிரையன் ஒரே இரவில் முதலில் டிரிபிள் ஹெச்சை ஜெயித்து, அப்புறம் அன்றைய சாம்பியன் ராண்டி ஆர்ட்டனும் பட்டிஸ்டாவும் இருந்த கடைசி ஆட்டத்தில் நுழைந்து, பட்டிஸ்டாவைத் தட்டவைத்து பெல்ட்டை எடுத்தார். அன்று முடிவு கணிக்கக்கூடியதுதான். யாரும் குறை சொல்லவில்லை.

எதிர்பாராதது எல்லாம் நல்லதா?

அதே 2014 இரவில் வேறொன்றும் நடந்தது. 1991-லிருந்து ரெஸில்மேனியாவில் தோற்றதே இல்லாத அண்டர்டேக்கர், 21 வெற்றிக்குப் பிறகு, பிராக் லெஸ்னரிடம் தோற்றார். திரையில் 21-1 என்று போட்டார்கள். கேமரா கூட்டத்தைக் காட்டியபோது வாயைத் திறந்தபடி கண் பிதுங்கி நின்ற ஒரு ரசிகர் முகம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஏழு உயிர்க் கதையில் வளர்ந்தவர்களுக்கு அது துக்க வீடு. ஒருவரும் யூகிக்கவில்லை. நல்ல முடிவா? பத்து வருஷத்துக்கு மேலாகியும் இதில் சமரசம் இல்லை. இளைஞன் ஒருவனுக்குக் கொடுத்திருந்தால் அவன் வாழ்க்கை முழுக்க அதை வைத்துப் பிழைத்திருப்பான், ஏற்கனவே பெரிய ஆளான லெஸ்னருக்கு எதற்கு என்பது ஒரு கட்சி. லெஸ்னரை வெல்ல முடியாத மிருகமாக்கியது அதுதான், அதே ஆகஸ்டில் ஜான் சீனாவை அவர் பொம்மை மாதிரித் தூக்கித் தூக்கிப் போட்டது அதனால்தான் எடுபட்டது என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி.

யாருமே எதிர்பாராத முடிவுக்கு இன்னொரு உதாரணம் நம்மை இழுத்துக்கொண்டு வருகிறது. ஜிந்தர் மஹால், கனடாவில் பிறந்த பஞ்சாபி. வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தவர். 2017 ஏப்ரலில் திடீரென்று ஆறு பேர் ஆட்டம் ஒன்றை ஜெயித்தார், மே 21-ஆம் தேதி ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி உலக சாம்பியனாகிவிட்டார். இந்தியச் சந்தைக்காகத்தான் இது என்று எல்லாரும் பேசினார்கள். தஞ்சாவூரில் ஒரு பையன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும், கணக்குப்படி. இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இங்கத்துப் பையன்களுக்கு ராக்கும் சீனாவும் அண்டர்டேக்கரும்தான் ஊர்க்காரர்கள் மாதிரி, தலைப்பாகை கட்டிவந்த அவர் வெளியூர்க்காரர் மாதிரி. அதைவிட முக்கியமாக, அவர் வேல் வாங்கவே இல்லையே. யாரைத் தாண்டினார், எதை இழந்தார், எதற்காக ஏங்கினார் என்று ஒரு வருஷம் காட்டியிருந்தால் மூங்கில் கூண்டு ஆட்டமும் அதில் உதவிக்கு வந்த கிரேட் காலியும் இல்லாமலே எடுபட்டிருக்கும். நவம்பரில் இங்கிலாந்தில் ஏஜே ஸ்டைல்ஸிடம் பெல்ட்டை இழந்தார். டிசம்பரில் டெல்லியில் நிகழ்ச்சி நடந்தது, அங்கே இந்தியக் கூட்டத்தின் முன்னாலேயே டிரிபிள் ஹெச்சிடம் தோற்றார். இந்தியாவுக்காக ஏற்றிவைத்த ஆளை இந்தியாவிலேயே ஏன் தோற்கடித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஆகவே "யாரும் எதிர்பார்க்கல" என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவைப் புகழாதீர்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் மயங்குவது அதில்தான். திடுக்கிடவைப்பது சுலபம், பெட்டியோடு யாரையாவது ஓடவிட்டால் போதும். மறுவாரம் அந்தத் திடுக்கிடலை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ராலின்ஸ் விஷயத்தில் செய்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் முழங்கால் போகும்வரை அவர்தான் சாம்பியன். அடிக்கடி தோற்கப்போய் ஜெயிக்கிற கோழை சாம்பியன் என்று ஏழு மாதக் கதை கிடைத்தது.

கணிக்க முடிவதிலும் கெட்டது உண்டு, அதையும் சொல்லவேண்டும். 2015 ரம்பிளில் ரோமன் ஜெயிப்பார் என்று எல்லாருக்கும் தெரியும், பிரையனைச் சீக்கிரமே வெளியே போட்டதும் பிலடெல்ஃபியா கூட்டம் ரோமனைக் கூச்சலிட்டே அமுக்கியது. ராக்கே வந்து அவர் கையைத் தூக்கிப் பிடித்தும் அடங்கவில்லை. அங்கே கோபம் முடிவு தெரிந்துபோனதற்கு வரவில்லை. கூட்டம் கேட்காத ஒருவரைக் கம்பெனி திணிக்கிறது என்பதற்கு வந்தது. ஐந்து வருஷம் கழித்து அதே ரோமன் வில்லனாக மாறி, குடும்பத்தை மிரட்டி ஆளும் தலைவராக வந்தபோது, ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர்தான் ஜெயிப்பார் என்று தெரிந்தும் கூட்டம் கூடியது. எப்போது விழுவார் என்று பார்க்க.

கடைசியாக ஒன்று, இப்போதும் சூடு ஆறாதது. 2025 ஜான் சீனாவின் ஓய்வு ஆண்டு. மார்ச்சில் கோடியை முதுகில் குத்தி வில்லனானார், இருபது வருஷமாக ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த திருப்பம், ஏப்ரலில் 17-வது முறையாக உலக சாம்பியனானார், ஆகஸ்டில் கோடியிடமே திருப்பிக் கொடுத்தார். டிசம்பர் 13, வாஷிங்டனில் கடைசி ஆட்டம், எதிரே குந்தர். பெரியவர் தோற்றுவிட்டுத்தான் போவார் என்று மரபு தெரிந்த எல்லாருக்கும் தெரியும், அதில் வருத்தமில்லை. ஆனால் "நெவர் கிவ் அப்" என்று சட்டையில் அச்சடித்து ஊரெல்லாம் விற்ற ஆள், குந்தரின் கழுத்துப் பூட்டில் தானே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கூட்டம் கூச்சல் போட்டது.

தோற்றதில் தப்பில்லை, தோற்ற விதத்தில்தான் தப்பு. மயங்கி விழுந்து நடுவர் நிறுத்தியிருந்தால் கைவிடாதவன் கைவிடாமலே போயிருப்பான் என்கிறார்கள் ஒரு சாரார். இருபது வருஷம் விடாதவன் கடைசியில் போதும் என்று தட்டியதுதான் குந்தரைப் பெரிய ஆளாக்குகிறது, அதுதான் ஓய்வு, அந்த நேரம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே கவனித்தாயா என்கிறார்கள் மறுசாரார். அந்தச் சிரிப்புக்காக நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் முதல் பக்கத்து ஆட்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள், சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. நீங்கள் அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.